எக்ஸ்ரேயில் ஏழு புள்ளிகள்

கூண்டுக் கதவைத் திறந்து வைத்தும் கோழி வெளியே வரவில்லை. ரேடியேட்டர்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். மற்ற நாட்களில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே போதும், அவர் காலை மிதித்துக்கொண்டு பாய்ந்து வரும். இன்று மூலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு கால்களும் பின்னால் விறைத்து நீண்டிருந்தன. கொண்டையில் நிறமே இல்லை. விரித்திருந்த சாக்கில் பாசி கரைத்து ஊற்றியதுபோல் பச்சையாகக் கழிச்சல்.

"ஏம்மா, இங்க வந்து பாரு. சீக்கிரம்!"

மனைவி ஈரத் தலையோடு ஓடி வந்தாள். இருவரும் சேர்ந்து கோழியை வெளியே எடுத்தார்கள். எடையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தியது. தலையைத் தூக்கிப் பிடித்தால் நின்றது. விட்டால் துணி மாதிரித் தொங்கியது.

"பத்து நாளா சரியாத் தின்னாததுக்கு, இறகு உதிர்க்குதுன்னுதானே நினைச்சோம்," என்றாள் மனைவி.

"இது இறகு இல்ல," என்றார் அவர். அட்டைப் பெட்டியில் பழைய துண்டை விரித்து, கோழியைப் படுக்கவைத்து, கடையைத் திறக்காமலே கிளம்பினார். இருபத்தேழு வருடத்தில் வேலை நாளில் அந்தக் கடை திறக்காமல் இருந்தது அதற்கு முன் இரண்டே முறைதான்.

வண்டிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில், வீட்டின் முன்பகுதிதான் அவருடைய கடை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட முற்றம். முற்றத்தைத் தாண்டினால் இரண்டு அறைகளும் சமையலறையும். லாரி, வேன், கார் எதுவானாலும் என்ஜின் சூடாகித் தண்ணீர் கக்கினால், ரேடியேட்டரைக் கழற்றி அவரிடம் கொண்டு வருவார்கள். அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, குழாய் வழியாகக் காற்றடிப்பார். எங்கே முட்டை முட்டையாகக் குமிழி கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. அந்த இடத்தை நெருப்பால் சுட்டு, ஈயக் கம்பியை உருக்கி அடைப்பார். உருகிய ஈயம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து உருண்டு, ஆறியதும் பளபளவென்று மணிகளாகக் கிடக்கும். மாலையில் கூட்டி ஒரு மூலையில் ஒதுக்குவார். கூட்டியதில் பாதிதான் மூலைக்குப் போகும். மீதி முற்றத்து மண்ணில் எங்கோ இருக்கும். யார் கவலைப்பட்டார்கள்?

அந்தக் கோழி வாங்கிய கோழி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோழி ஏற்றி வந்த லாரி ஒன்று அவர் கடை வாசலில் புகைந்துகொண்டு நின்றது. வேலை முடிந்து லாரி போன பிறகு பார்த்தால், மேசைக்கு அடியில் ஒரு பழுப்புக் கோழி உட்கார்ந்திருந்தது. எந்தக் கூண்டிலிருந்து எப்படி நழுவியதோ. டிரைவர் வருவார், கொடுத்துவிடலாம் என்று வைத்திருந்தார். டிரைவர் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தார். "ஆயிரத்துல ஒன்னு குறைஞ்சதுக்கு யாருண்ணே கேக்கப்போறாங்க? அதான் உங்கள வேலைக்கு வச்சுக்கிட்ட மாதிரி இருக்கே!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதற்குள் கோழி கடையை எடுத்துக்கொண்டுவிட்டது. வரும் ஆளின் செருப்பைக் கொத்தும். இறக்கிவைத்த ஒவ்வொரு ரேடியேட்டரையும் சுற்றி வந்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். யாரோ ஒரு வேன்காரர் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். அது நிலைத்துவிட்டது. "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்க வேண்டியவர்கள், "மேனேஜர் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். மனைவிக்கு முட்டை ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அவருக்கோ ரொம்ப நாளாகவே எது சாப்பிட்டாலும் வயிறு பிசைந்தது. அதனால் மேனேஜர் இட்ட முட்டையெல்லாம் மகளுக்குத்தான் போயிற்று. வாரம் இருமுறை டப்பாவில் அடுக்கி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவள் வீட்டுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

கால்நடை மருத்துவமனையில் அன்று வரிசை முழுக்க நாய்கள். பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தபோது டாக்டரம்மா முதலில் கோழியைப் பார்த்தார். கண் இமையை விரித்து, தீனிப்பையை அழுத்தி, காலைக் கிள்ளி, துண்டில் இருந்த பச்சைக் கறையை முகர்ந்தும் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"உங்க வீட்ல பழைய பெயிண்ட், பேட்டரி, அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. நான் ரேடியேட்டர் வேலை பாக்கறேன்."

 டாக்டரம்மா கோழியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து அவரைக் கூப்பிட்டு, வெளிச்சப் பலகையில் படத்தைச் செருகினார். சாம்பல் நிறத்தில் எலும்புகள், வயிற்றுப் பகுதியில் உருண்டையாக ஒரு நிழல். அந்த நிழலுக்குள் ஏழு புள்ளிகள், சுண்ணாம்பு வெள்ளையில்.

"கோழி தீனிய அரைக்கிறதுக்காகக் கல்லு, மணல் முழுங்கும். அது இவ்வளவு வெள்ளையாத் தெரியாது. இது ஈயம்."

அவர் படத்துக்குப் பக்கத்தில் போனார். டாக்டரம்மா சொல்லியிருக்கவே வேண்டாம். ஒரு புள்ளிக்கு மெல்லிய வால் இருந்தது. கம்பியைச் சட்டென்று இழுத்தால் சொட்டு அப்படித்தான் வாலோடு விழும். அது அவர் கையிலிருந்து விழுந்தது.

"பொழைக்குமா?"

"பொழைக்கும்னு என்னால சொல்ல முடியாது. வயித்தத் தொறந்து எடுக்க இந்த உடம்பு தாங்காது. ரத்தத்துல கலந்ததை வெளியே தள்ள ஊசி இருக்கு, காலையும் சாயங்காலமும், அஞ்சு நாள். துண்டுகள் கழிச்சல்ல இறங்கணும். இறங்கலேன்னா, ஒரு பக்கம் நாம எடுக்க, இன்னொரு பக்கம் அது கரைஞ்சு ஏறிக்கிட்டே இருக்கும்." பேசிக்கொண்டே எழுதியவர் பேனாவை நிறுத்தினார். "ஒன்னு கேக்கணும். இதோட முட்டைய யாரு சாப்பிடறாங்க?"

"எம்பொண்ணு."

"சின்னப் பொண்ணா?"

"இல்லீங்க. டீச்சரா இருக்கா. முழுகாம இருக்கா, அஞ்சு மாசம்."

 டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவர் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். ஈயம் முட்டைக்குள்ளும் போகும் என்றார். எவ்வளவு போயிருக்கும் என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும், பயப்படுகிற அளவுக்கு இல்லாமலும் இருக்கலாம், ஆனால் இன்றே நிறுத்த வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவர் கண் ரேடியேட்டர்காரரின் வலது கையில் நின்றது. அது மணிக்கட்டிலிருந்து மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"கைக்கு என்ன?"

"சுளுக்கு. ரெண்டு மாசமா இருக்கு."

"வயித்து வலி வருதா?"

"கேஸுங்க."

"நான் மாட்டுக்கும் நாய்க்கும் டாக்டர். மனுஷங்களுக்கு வைத்தியம் சொன்னா என்னைத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க. ஆனா இத மட்டும் கேளுங்க. நீங்க, உங்க வீட்டம்மா, பொண்ணு மூணு பேரும் ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாருங்க. நாளைக்கே."

முதல் ஊசியைப் போட்டு, பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். வாசலில் வேப்பமரத்தடியில் நின்று அவர் போனை எடுத்தார். மகளின் ஃப்ரிட்ஜில் இன்னும் ஆறு முட்டை இருந்தது. இடைவேளைக்கு அவள் போனை எடுக்கும்வரை நான்கு முறை கூப்பிட்டார்.

"என்னப்பா? ஸ்கூல் நேரத்துல?"

 "ஒன்னுமில்ல பாப்பா. அந்த முட்டை... அதச் சாப்பிடாத. கெட்டுப் போயிருக்கும்போல."

"ஃப்ரிட்ஜ்ல வச்சது எப்படிப்பா கெடும்?"

"கெட்டிருக்கும்னுதான் தோணுது. சாப்பிடாத, அவ்வளவுதான்." வைத்துவிட்டார்.

போன வருடம் இதே மகளுக்குப் பத்தாவது வாரத்தில் கரு கலைந்தது. காரணம் ஒன்றும் தெரியவில்லை, சில சமயம் இப்படி ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். கோழி வந்து இரண்டு வருடம் ஆகிறது. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

சாயங்கால ஊசியை அவரே போடுவதாக இருந்தது. டாக்டரம்மா காட்டிக் கொடுத்திருந்தார்: நெஞ்செலும்புக்கு ஒரு விரல் தள்ளி, சதையில், மெதுவாக. மனைவி கோழியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஊசியை எடுத்தார். மணிக்கட்டு தூக்கவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பார்த்தார். ஊசி முனை நடுங்கி, இறகுமேல் வட்டம் போட்டது.

"கொடுங்க இங்க," என்றாள் மனைவி.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். கடுகைவிடச் சின்னத் திருகாணியைப் பிடித்து ஃபிரேமில் முடுக்குகிற கை. கோழியை அவர் மடிக்கு மாற்றிவிட்டு, இறகை ஊதி விலக்கி, ஒரே மூச்சில் ஊசியைப் போட்டு எடுத்தாள். கோழி முனகக்கூட இல்லை.

"சுளுக்கு எப்படிங்க ரெண்டு மாசம் இருக்கும்?" என்று கேட்டாள், ஊசிக்கு மூடி போட்டபடியே. "டாக்டர் என்ன சொன்னாங்க? முழுசாச் சொல்லுங்க."

சொன்னார். எக்ஸ்ரே, ஏழு புள்ளி, முட்டை, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவள் கோழியைப் பெட்டியில் படுக்கவைத்தாள். முடித்ததும் எழுந்து புடவையை மாற்றினாள்.

"எங்க கிளம்புற?"

"அவ வீட்டுக்கு. நீங்களும் வாங்க."

"இன்னிக்கே எதுக்கு? ரிசல்ட் வரட்டும். இந்த நேரத்துல அவள பயமுறுத்தி..."

"நாளைக்கு ரத்தம் குடுன்னு எதச் சொல்லிக் கூப்பிடுவீங்க? முட்டை கெட்டுப்போச்சுன்னா?"

மகள் சாப்பாட்டு மேசையில் கணக்குத் தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். கணவன் கப்பலில் வேலை. அடுத்த மாதம்தான் வருவான். அப்பா வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, "என்னப்பா, மேனேஜருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றாள்.

அவர் நின்றபடியே சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது. அவள் கையில் சிவப்புப் பேனா திறந்தபடியே இருந்தது. முனை தாளில் பட்டு மை ஊறிப் பரவியது.

"கோழி எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம்..."

"அப்போ போன வருஷம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"தெரியலம்மா. யாருக்கும் தெரியாது."

மகள் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். முட்டை டப்பாவை அப்படியே ஒரு பையில் போட்டு இறுக்கி முடிச்சிட்டு வாசலில் வைத்தாள். கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"மத்தியானம் என்கிட்ட ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

அவர் வாசலில் இருந்த பையைப் பார்த்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு லேப்?" என்று அம்மாவைக் கேட்டாள். "நான் ஸ்கூலுக்கு லீவ் சொல்லணும். நீங்க கிளம்புங்க."

மறுநாள் மூவரும் ரத்தம் கொடுத்தார்கள். மகள் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த நான்கு நாளும் அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், கோழியைப் பார்ப்பது. கடையை மூடி, வெளியே 'விடுமுறை' என்று அட்டை மாட்டினார். முற்றம் பக்கமே போகாமல் உள்ளறையில் ஜன்னலோரம் பெட்டியை வைத்தார். கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, பேதி உப்பு அளந்து போட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊசிக் குழலில் ஏற்ற வேண்டும். குழலின் முனையில் மெல்லிய ரப்பர்க் குழாய். அலகைத் திறந்து, நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத் துளையில் பட்டுவிடாமல், வலப்பக்கமாகத் தொண்டைக்குள் இறக்க வேண்டும். துளையில் போய்விட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மனைவி வேலைக்குப் போவதற்கு முன் ஒரு முறை ஊட்டுவாள். மதியம் அரை மணி நேரம் அனுமதி வாங்கி ஓடி வருவாள். மாலையில் மீண்டும். ஒவ்வொரு முறையும் அவர் கோழியின் கழுத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூச்சையே விடமாட்டார். குழாய் வெளியே வந்த பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கழிச்சலைப் பார்ப்பது அவர் வேலை. கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் காகிதத்தோடு எடுத்துத் தேநீர் வடிகட்டியில் போட்டு, வாளித் தண்ணீரில் அலசுவார். "அந்த வடிகட்டி இனிமே சமையல்கட்டுக்குள்ள வரக் கூடாது," என்று மட்டும் சொன்னாள் மனைவி. முதல் நாள் மணல்தான். இரண்டாம் நாள் காலை, வலையின் நடுவில் ஒரு சாம்பல் மணி. ஈயமா என்று பல்லால் கடித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. வாய்வரை கொண்டுபோய்விட்டுப் பதறிக் கையை இறக்கினார். மூடி உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டார். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு.

மூன்றாம் நாள் மதியம் மனைவி வருவதற்குச் சற்று முன், பெட்டிக்குள்ளிருந்து படபடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார். கோழி மல்லாந்து கிடந்தது. கழுத்து முதுகை நோக்கி வளைந்து முறுக்கிக்கொண்டு, இறக்கைகள் அட்டையை அறைந்தன. கண் மேலே செருகியிருந்தது. துண்டைப் போட்டு அணைத்துப் பிடித்தார். உள்ளங்கைக்குக் கீழே இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடித்தது. இப்போது போனால் இதோடு போயிற்று என்று நினைத்தார். அந்த நினைப்பில் கோழி மட்டும் இல்லை. அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும் என்று எந்தக் கணக்கிலும் இல்லை, அது அவருக்கே தெரியும். ஆனாலும் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "போயிடாத, போயிடாத," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலிப்பு இரண்டு நிமிடத்தில் நின்றது. மனைவி உள்ளே வந்தபோது கோழி அவர் மடியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டை முழுக்கப் பச்சை.

"சட்டையக் கழட்டாதீங்க!" என்றாள் அவள், கறையை உற்றுப் பார்த்து. பொத்தானுக்கு அருகே அப்பியிருந்ததை நகத்தால் நெருடினாள். இரண்டு மணிகள். "அஞ்சு."

அதற்குப் பிறகு ஒன்றும் இறங்கவில்லை. நான்காம் நாள் மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு புள்ளிகள் இடம் மாறாமல் இருந்தன. அதில் ஒன்று அந்த வால் வைத்தது.

"கழுவி எடுத்துப் பாக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "லேசா மயக்கம் குடுத்து, தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, குழாய் வழியாத் தண்ணி அடிச்சா, வந்த வழியே வெளிய விழ வாய்ப்பிருக்கு. மயக்கத்துலயே போயிடவும் வாய்ப்பிருக்கு. நீங்க சரின்னாத்தான்."

"விட்டா?"

"விட்டாலும் போயிடும். கொஞ்சம் மெதுவா."

"பண்ணுங்க."

மருத்துவமனையில் அன்று உதவிக்கு ஆள் பற்றவில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தாங்கும் வேலை அவருக்கு வந்தது. வலது கை ஒத்துழைக்காது என்று தெரிந்து, முழங்கையை மடக்கிக் கோழியை மார்போடு சேர்த்து அணைத்து, இடது கையால் தொடையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா குழாயை இறக்கி வெந்நீரை அடித்தார். அலகு வழியே தண்ணீரும் மணலும் கிண்ணத்தில் கொட்டின. இரண்டாம் முறை. ஒரு கல், கொஞ்சம் கண்ணாடித் தூள். மூன்றாம் முறை. அவர் தோள் எரிந்தது. கோழியின் மூச்சு மார்பில் படுகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். படவில்லை.

"டாக்டர், மூச்சு..."

"இருக்கு. அசையாதீங்க. இன்னும் ஒரே தடவை."

கிண்ணத்தில் டிங் என்றது. உடனே இன்னொரு டிங். டாக்டரம்மா குழாயை உருவி, கோழியை அவரிடமிருந்து பறித்து மேசையில் கிடத்தி, நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தி அழுத்தி விட்டார். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. ஒரு தும்மல் வந்தது. மனிதர் தும்முவது மாதிரியே இருந்தது. கோழி கண்ணைத் திறந்து, எதிரில் இருந்த டாக்டரம்மாவின் கோட்டுப் பொத்தானைக் கொத்தப் பார்த்துத் தவறியது.

"அப்பாடா," என்றார் டாக்டரம்மா. "புத்தி மாறல."

வீட்டுக்கு வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் வாசலில் மகள் குரல் கேட்டது. பாதித் திறந்திருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து, கடைக்குள் கால் எடுத்து வைக்கப் போனாள்.

"உள்ள வராத!" என்று அவர் கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து ஓடி விளையாடிய இடம் அது. "வராத பாப்பா. தரையெல்லாம் அதுதான். அங்கயே நில்லு, நான் வர்றேன்."

தெருவிலேயே நின்றார்கள். அவள் கையில் மூன்று தாள்கள். அவர் நெருங்காமல் நான்கடி தள்ளி நின்றார். தன் சட்டைமேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை.

"அம்மாவுக்குக் கொஞ்சமா இருக்கு. எனக்கு இருக்க வேண்டியதவிட ஜாஸ்திதான், ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழ. டாக்டரப் பாத்துட்டுத்தான் வர்றேன். இப்ப மருந்து எதுவும் வேண்டாமாம். கால்சியம், இரும்புச்சத்து. மாசாமாசம் ரத்தம் பாக்கணும். முட்டைய நிறுத்தினதால இனி இறங்கிடும்னு சொல்றாங்க."

"குழந்தைக்கு?"

"அடுத்த ஸ்கேன்ல பாக்கலாம்னாங்க. இப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு." மூன்றாவது தாளை நீட்டினாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "உங்களுக்குப் பத்து மடங்குக்கு மேலப்பா. இப்பவே ஆஸ்பத்திரியில சேரச் சொல்றாங்க. எப்படி நடமாடிட்டு இருக்கீங்கன்னு கேட்டாங்க."

அவர் தாளை வாங்கவில்லை. தன் மடங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, "ரெண்டும் வந்துடுச்சு. ஏழும் வெளிய வந்தாச்சு," என்றார், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் கோழியை மனைவி தனியாகப் பார்த்தாள். கோழிக்கு இரண்டாவது சுற்று ஊசியும் அவருக்கு முதல் சுற்றும் ஒரே வாரத்தில் நடந்தன. "வீட்ல ஒரு வார்டு, இங்க ஒரு வார்டு," என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாளாம். கழுத்து முதலில் நின்றது. தானாகத் தண்ணீர் குடித்தது. கால்தான் வரவில்லை. அவர் திரும்பி வந்ததும், இரும்புக் கம்பியில் நான்கு கால் வைத்த சட்டம் ஒன்றைப் பக்கத்துப் பட்டறையில் சொல்லிச் செய்யவைத்தார். பழைய பனியனில் காலுக்கு இரண்டு துளை வெட்டி, ஊஞ்சல் மாதிரி அதில் கட்டி, பாதம் தரையில் லேசாகப் படும்படி கோழியைத் தொங்கவிட்டார். நாளுக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம். அது தொங்கிக்கொண்டு அவரை முறைக்கும். அவரும் எதிரில் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த ரப்பர்ப் பந்தை வலது கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருப்பார். பத்தொன்பதாம் நாள் பாதம் விரிந்து தரையை அழுத்தியது. ஒரு மாதம் கழிந்து ஒரு காலை, சட்டம் இல்லாமல் சுவரோரமாக நான்கு அடி எடுத்து வைத்து, சாய்ந்து விழுந்து, மறுபடி எழுந்தது. வலது கால் கடைசிவரை முழுதாகச் சரியாகவில்லை. நொண்டிக்கொண்டேதான் நடந்தது.

முற்றத்து மண்ணை ஒரு முழத்துக்கு வெட்டி எடுத்து, நச்சுக் கழிவு எடுக்கிறவர்களிடம் ஒப்படைத்து, சிமெண்ட் போட்டார்கள். ஈயக் கம்பியை அவர் அதன் பிறகு தொடவில்லை. எட்டு மாதம் கடை மூடிக் கிடந்தது. திறந்தபோது, பற்றவைக்கத் தேவையில்லாத அலுமினிய ரேடியேட்டர்களை மாற்றிக் கொடுக்கும் வேலை மட்டும் எடுத்துக்கொண்டார். பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். கோழிக்கு இனி அந்த இடம் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னபோது, யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. "என் மொட்டை மாடியில விடுங்க," என்றாள் மகள்.   மறுபடி முட்டை இட ஆரம்பித்தபோது, ஒரு வருடத்துக்கு யாரும் தொடக் கூடாது என்ற கட்டளை இருந்ததால், அவள் அவற்றைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினாள்.

பெண் குழந்தை. நாள் தவறாமல் பிறந்தது. பிறந்ததும் எடுத்த ரத்தத்தில் ஈயம் எல்லைக்குள் இருந்தது; ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கலைந்துபோன கருவைப் பற்றி அப்பாவும் மகளும் அதன் பிறகு பேசியதே இல்லை. சில சமயம் மாடியில் கோழிக்குத் தீனி போடும்போது அவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவாள். எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

குழந்தையை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவர் குளித்து, உடை மாற்றி, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். வந்தும் குழாயடியில் நின்று முழங்கைவரை சோப்புப் போட்டார். அலம்பினார். திரும்பவும் போட்டார். நகக்கண்ணை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மணிக்கட்டு இப்போது முக்கால்வாசி தூக்கியது. மூன்றாம் முறை சோப்பை எடுத்தபோது மகள் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"போதும்ப்பா. வந்து தூக்குங்க."